பன்னிரண்டு கிராம்

துளசிமணி குளக்கரையின் வடக்கு மூலைக்கு வந்து நின்றபோது வானம் வெளுத்துவிட்டது, தண்ணீரும் ஓரளவு வெளுத்துவிட்டது, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற சம்பங்கோரை மட்டும் இன்னும் இருட்டை விடாமல் பிடித்து வைத்திருந்தது. அந்த இருட்டுக்குள் எங்கேயோ அது இருக்கிறது. இருக்க வேண்டும். பங்குனி பிறந்து பத்து நாள் ஆகிவிட்டது, இன்னும் இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று, அதற்குள் எல்லாம் கிளம்பிவிடும், ஒரு ராத்திரி இருக்கும், மறுநாள் காலையில் இருக்காது, போய்வருகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல். நாணல் கதிர்க்குருவி என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அடுத்த பக்கத்துக் குருவிகளுக்கெல்லாம் மஞ்சள் உண்டு, நீலம் உண்டு, இதற்கு ஒன்றுமில்லை, காய்ந்த கோரைத் தாளின் நிறம், அவ்வளவுதான். எடை பன்னிரண்டு கிராம். அந்த எண்ணைப் படித்த அன்றைக்கு அவள் சமையலறையில் சர்க்கரையை டீஸ்பூனில் குவித்து இரண்டு முறை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தாள், கண்ணை மூடினால் கையில் ஏதும் இருப்பதாகவே தெரியவில்லை. அதற்குள் ஒரு இதயம், இரண்டு நுரையீரல், வழி தெரிந்த ஒரு மூளை. அது இமயமலையைத் தாண்டிப் போகிறது, அதற்கும் அப்பால் பனி உருகும் தேசங்களுக்குப் போய்க் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, புரட்டாசியில் திரும்பி இதே கோயமுத்தூருக்கு, இத்தனை குளங்களை விட்டுவிட்டு இந்த அணைமேட்டுக் குளத்துக்கு, இதே வடக்கு மூலைக் கோரைக்கு வந்து உட்காருகிறது. அவளுக்கு டவுன்ஹாலில் இறங்கினால் எந்தச் சந்து எங்கே போகும் என்று இன்னும் குழப்பம்தான். இதை நினைக்கும்போதெல்லாம் கோயிலில் திரை விலகும் நேரத்தில் வருவதுபோல அடிவயிற்றில் ஒன்று குளிர்ந்து எழும். இன்றைக்கும் எழுந்தது. ஆனால் இன்றைக்கு அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது, அது பயம்.

ஹக்கீம் பாய் பையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டார். உக்கடத்தில் தையல் மெஷின் பழுது பார்க்கிறவர், விரல் நுனியெல்லாம் எண்ணெய்க் கறுப்பு, ஆனால் நோட்டில் ஒரு கறை இருக்காது. பறவை எண்ணுகிற குழுவில் பதினாறு பேர் இருந்தாலும் வடக்கு மூலை மட்டும் பதினோரு வருஷமாக இவர்கள் இரண்டு பேருடையது. அவர் பார்த்து எழுதுவார், அவள் கேட்டுச் சொல்லுவாள். கோரைக்குள் இருக்கிற குருவியைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும், அதனால் குழுவில் அவளுக்குப் பெயரே காதக்கா. புதிதாக வருகிறவர்களிடம் பாய்தான் சொல்லுவார், இந்த அக்காவுக்கு ரெண்டு காதும் பைனாகுலருங்க என்று. சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும், சொந்தச் சாமானைக் காட்டுகிற மாதிரி. "பத்து நிமிஷம் வச்சுடட்டுங்களா?" என்றார் பாய், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. "வையுங்க பாய்," என்றாள்.

பத்து நிமிஷம். கண்ணை மூடிக்கொண்டாள், எப்போதும் அப்படித்தான் மூடிக்கொள்வாள். உள்ளே அது காத்துக்கொண்டிருந்தது, அந்த ஈஈ என்கிற சத்தம், சத்தம் என்று கூடச் சொல்ல முடியாது, டிவியை அணைத்த பிறகும் சுவருக்குள் எங்கேயோ மிச்சம் இருக்கிற மாதிரி ஒன்று. மில் கொடுத்தது. பத்தொன்பது வருஷம் ஸ்பின்னிங்கில் சைடர், நூல் அறுந்தால் ஒட்டுகிற வேலை. இருபத்தெட்டு மெஷினும் ஒன்றாக ஓடும்போது அதைக் காதால் கேட்பதில்லை, பல்லால் கேட்பது, கடைவாய்ப் பல் கூசும். அங்கே யாரும் யாரோடும் கத்திப் பேசியதில்லை, கத்தினாலும் கேட்காது, உதட்டை அசைப்பார்கள், கையை அசைப்பார்கள், எதிர் வரிசையில் நிற்கிற ராமாத்தாள் தன் மாமியாரைத் திட்டுவது முழுதும் உதட்டிலேயே தெரியும், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும், அந்தச் சிரிப்புக்கும் சத்தம் இருக்காது. அப்படி ஒரு ராத்திரி ஷிப்டு முடிந்து, காதில் பஞ்சும் காதுக்குள் மெஷினுமாக இந்தக் கரையோரம் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் முதல் தடவை கேட்டது. டக். கொஞ்சம் விட்டு, டக். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற மாதிரி. இருபத்தெட்டு மெஷினுடைய இரைச்சலையும் தாண்டி, ஊசி நுழைகிற மாதிரி உள்ளே வந்தது. நூல் அறுபடுவதற்கு ஒரு சத்தம் இருந்தால் அது இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அவளுக்கு முப்பத்தாறு வயது அப்போது, வீட்டில் குடிக்கிற புருஷன், நாலாவது படிக்கிற பெண், பஸ் வந்தது, அவள் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸிலும் ஏறவில்லை. இத்தனை சத்தத்துக்கு நடுவில் தனக்கென்று ஒரு சத்தம் வந்து சேர்ந்ததே, அதை விட்டுவிட்டு எங்கே போவது?

இப்போது ஈஈ மட்டும்தான். அவள் அதை விலக்கிப் பார்த்தாள், மெஷினுக்கு அடியில் குனிந்து தேடுகிற மாதிரி சத்தத்துக்கு அடியில் குனிந்து தேடினாள். தூரத்தில் பாலத்தின் மேல் லாரி போவது கேட்டது. கரைக்குக் கீழே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்புவது கேட்டது. தடித்த சத்தமெல்லாம் கேட்கிறது, அதுதான் ஏமாற்றுகிறது, குக்கர் விசில் கேட்கிறது, பாயின் குரல் கேட்கிறது, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாகவே கேட்கிறது. மெல்லிசான சத்தங்கள்தான் முதலில் போகும் என்று மில் டாக்டர் அப்போதே சொன்னார். முதலில் போனது மகள் மோகனாவின் கொலுசு. பிறகு சுவர்ப்பல்லி. பிறகு ஒரு நாள் காலையில் இங்கே வந்து நின்று, இன்றைக்கு ஏன் ஒன்றும் கூப்பிடவில்லை, குளிர் அதிகமோ, பாம்பு கீம்பு வந்திருக்கிறதோ என்று யோசித்துக்கொண்டே நின்றாள். அதற்கடுத்த வாரமும் குளிர் அதிகமாகவே இருந்தது. அதற்கடுத்த வாரமும்.

தோளில் மாட்டியிருந்த பைனாகுலர் வாரை யாரோ சுண்டினார்கள். கண்ணைத் திறந்தாள். பாய் முகம் மலர்ந்து நின்றிருந்தார், குரலை அடக்கிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார், எண்ணும்போது பேசக் கூடாதல்லவா. அவர் என்ன சொல்கிறார் என்பது அவளுக்குக் காதால் வந்ததா கண்ணால் வந்ததா என்று அவருக்குத் தெரியாது. பாடுதுங்க. கேக்குதுங்களா? பாடுதுங்க! மற்ற மாதமெல்லாம் வெறும் டக்தான், பாட்டு கிடையாது, கிளம்புவதற்கு முன்னால் இந்தச் சில நாள்தான், போகப்போகிற ஊரின் பாட்டை இங்கேயே எடுத்துப் பார்த்துக்கொள்ளும். எத்தனை வருஷம் இதற்காக விடிகாலையில் எழுந்து ஓடி வந்திருக்கிறாள். பதினோரு வருஷத்தில் நாலே தடவைதான் வாய்த்திருக்கிறது. அவள் கோரையைப் பார்த்தாள், கோரை அசையாமல் நின்றது, அதற்குள் பன்னிரண்டு கிராம் பாடிக்கொண்டிருக்கிறது, பத்தடி தூரத்தில், அவளுக்கு எதிரிலேயே. அவள் தலையை ஆட்டினாள். கேட்குது. பாய் ஒரு விரலைக் காட்டினார், பிறகு இரண்டு விரலைக் காட்டிக் கேள்வியாகப் புருவத்தைத் தூக்கினார். ஒண்ணா, ரெண்டா? காதக்கா சொன்னால் சரி. அவள் இரண்டு விரலைக் காட்டினாள். அவர் எழுதிக்கொண்டார். கை எழுதுகிற அழகைப் பார்த்துக்கொண்டே நின்றாள், குண்டு குண்டான எழுத்து, பாட்டு – 2.

அவளுக்குக் காது மடல் சுட்டது. ஏன் ரெண்டு என்றாள், ஒண்ணு என்றிருக்கலாமே, பொய்யில் கூடக் கஞ்சத்தனம் வேண்டாமென்றா? மார்கழிக் கணக்கெடுப்பில் ஏழு என்றாள். அதற்கு முந்தின வருஷம் உண்மையாகவே ஏழு, அதனால் ஏழு. அன்றைக்கு அவளுக்குக் கேட்டது ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அடுத்த தடவை கேட்கும், சளி பிடித்திருக்கிறது, அடுத்த தடவை கேட்கும் என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆனால் அந்த ஏழு வீட்டோடு நிற்கவில்லை. தை மாதம் கோரையை வெட்டி நடைபாதை போட ஆள் வந்தபோது பாய்தான் அதற்காகப் போட்ட கூட்டத்தில் எழுந்து நின்று படித்தார், இந்த ஒரு மூலையில மட்டும் ஏழு குருவிங்க, பனிமலை தாண்டி வந்ததுங்க என்று, வந்தவர்கள் வடக்கு மூலையை விட்டுவிட்டுத் தெற்கே போய் வெட்டினார்கள். எல்லோரும் பாய்க்குக் கை கொடுத்தார்கள். பாய் அவளைக் காட்டினார். அவள் சிரித்தாள். மோகனா இழுத்துக்கொண்டு போய்க் காது பரிசோதிக்க உட்கார வைத்த அந்தச் சின்னக் கண்ணாடி அறையிலும் இப்படித்தான் சிரித்தாள், சத்தம் கேட்டால் பட்டனை அமுக்குங்கம்மா என்றான் அந்தத் தம்பி, அவளுக்குச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் சத்தம் அனுப்பும்போதெல்லாம் அவனுடைய வலது தோள் கொஞ்சம் அசைந்தது, அவள் தோளைப் பார்த்து அமுக்கினாள். பரவாயில்லையே, வயசுக்கு நல்லாத்தான் இருக்கு என்றான். மோகனா வெளியே வந்து அவளுக்கு ஜூஸ் வாங்கித் தந்தாள். ஐம்பத்து மூன்று வயதில் பரீட்சையில் பார்த்து எழுதிவிட்டு ஜூஸ் குடித்தாள். யாரை ஏமாற்றினோம் என்று அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. காது போனால் போகட்டும், இத்தனை பேருக்குப் போயிருக்கிறது, ராமாத்தாளுக்குச் சுத்தமாகப் போய்விட்டது, அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் காதக்காவுக்குக் காது போனால் அவள் யார்? மில்லையும் மூடிவிட்டார்கள், புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார், பெண்ணுக்கு அவள் குடும்பம். இந்தப் பத்து நிமிஷங்கள்தான் மிச்சம். இதையும் கொடுத்துவிட்டு எந்தக் கரையில் போய் நிற்பாள்?

அப்போது கோரை மூச்சு விட்டது. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. முகத்தில் சில்லென்று காற்றுப் பட்டது, ஆனால் காற்று இல்லை, எதிரே மரத்தில் ஒரு இலை அசையவில்லை. கோரையின் நுனிகள் அத்தனையும் ஒரே சமயத்தில் தாழ்ந்து நிமிர்ந்தன, நிமிர்ந்த வேகத்தில் பனித்துளிகள் தெறித்து அவள் கன்னத்தில் விழுந்தன, கோரைக்குள் அடைத்து வைத்திருந்த இருட்டு அப்படியே பெயர்ந்து மேலே வந்தது. தகைவிலான்கள். ராத்திரியெல்லாம் கோரையில் தங்கிய தகைவிலான் குருவிகள், நூறா, ஆயிரமா, ஐயாயிரமா, தரையிலிருந்து ஒரு ஆறு புறப்பட்டு வானத்துக்குப் போகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தன. அவள் தலைக்கு மேலே, தோளுக்குப் பக்கத்தில், புடவைத் தலைப்பை உரசுகிற அளவுக்குப் பக்கத்தில், ஒன்றும் மோதவில்லை, ஒன்றின் மேல் ஒன்றும் மோதவில்லை, கத்தரித்த வால்கள், வெளிறிய வயிறுகள், கிழக்கே அப்போதுதான் சிவந்த வெளிச்சம் ஒவ்வொரு நெஞ்சிலும் ஒரு நொடி பட்டு அணைந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தபோது இன்னொரு அலை எழுந்தது. அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். இத்தனை வருஷம் இதே நேரத்தில் இதே இடத்தில் நின்றிருக்கிறாள், பத்து நிமிஷமும் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள், சலசலப்பு கேட்கும், தகைவிலான் கிளம்புது எழுதுங்க பாய் என்று மூடிய கண்ணோடேயே சொல்லுவாள். இதுவா அது? இவ்வளவா? இத்தனையும் இந்தப் பக்கத்திலா ராத்திரி ராத்திரி உட்கார்ந்திருந்தது? கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டும் விட்டாள் போலிருக்கிறது, இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே சேர்ந்திருந்தன. இவ்வளவு பெரியது சத்தமில்லாமல் நடக்குமா? இதற்கு ஒரு சத்தம் இருக்க வேண்டுமே. அது என்ன சத்தம்? அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசை பயத்தை விடப் பெரிதாக எழுந்து, அவள் யோசிப்பதற்குள் வாய் வழியாக வந்துவிட்டது.

"பாய், இப்ப சத்தம் வருதுங்களா?"

ஹக்கீம் பாய் வானத்திலிருந்து கண்ணை இறக்கி அவளைப் பார்த்தார். முதலில் சிரித்தார், கிண்டல் செய்கிறாள் என்று. பிறகு சிரிப்பு நின்றது. "என்னக்கா கேக்கறீங்க? இந்த இரைச்சலு..."

"எனக்குக் கேக்கலீங்."

"இதுவா?"

"இதுவும்தானுங். அதுவும்தான், கோரைக்குள்ள பாடறது. ஒண்ணும் கேக்கறதில்லீங் பாய். ஒரு வருஷத்துக்கு மேலாச்சு."

சொல்லிவிட்டாள். இடி இடிக்கவில்லை. மேலே கடைசி அலை கிழக்கே கரைந்துகொண்டிருந்தது. பாய் நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். அவர் மனசுக்குள் பக்கங்கள் பின்னால் புரளுவதை அவளால் பார்க்க முடிந்தது. "அப்ப மார்கழியில?" என்றார். "ஏழுன்னீங்களே." அவள் பைனாகுலர் வாரைப் பிடித்துக்கொண்டாள். "நான் எந்திரிச்சு நின்னு படிச்சனேக்கா. அத்தனை பேரு முன்னாடி. அல்லா மேல ஆணையா ஏழுன்னு சொன்னேனுங்களே." அவர் குரல் உயரவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை, திட்டியிருந்தால் தலையைக் குனிந்து நின்றிருக்கலாம். அவர் இரண்டடி நடந்து போய்க் குளத்தைப் பார்த்து நின்றுகொண்டார். முதுகு தெரிந்தது. முதுகில் படிக்க ஒன்றுமில்லை. போய்விடுவார் என்று நினைத்தாள், போகட்டும், போக வேண்டியதுதான். பிறகு அவர் திரும்பினார். முகத்தைக் காட்டிப் பேச வேண்டும் என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. "சரி. நடந்தது நடந்துருச்சு. இன்னைக்கு இருக்கற ரெண்டை அடிச்சுடறேன், ஒண்ணுதான் பாடுது. மார்கழியத் தொட வேண்டாமுங்க. ஏழு இல்லைன்னு தெரிஞ்சா நாளைக்கே வந்து வெட்டிருவாங்க."

அதுதான் சுலபம். அவளும் அதைத்தான் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள், கோரைக்காகத்தான், குருவிக்காகத்தான் என்று. கன்னத்தில் தெறித்த பனித்துளி இன்னும் காயவில்லை. "வேண்டாமுங் பாய்," என்றாள். "அதையும் அடிங்க. எனக்குக் காது கேக்கலைன்னு நானே கூட்டத்துல சொல்லிக்கறேன். வெட்ட வரவங்களை இந்த நேரத்துக்கு இங்க கூட்டிட்டு வந்து நிறுத்துங்க. இப்பப் பாத்தோமே, இதைப் பாக்கட்டும். பாத்துட்டு வெட்டுவாங்களாங்?"

"வெட்டற கை வெட்டும்ங்க," என்றார் பாய்.

"வெட்டட்டும். பாத்துட்டு வெட்டட்டும்."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். கறையே படாத நோட்டில் பின்னால் புரட்டி ஏழின் குறுக்கே ஒரு கோடு போட்டார், ஒரே கோடு, நேராக. பக்கத்தில் என்ன எழுதுவது என்று கேட்கிறவர்போல அவளை நிமிர்ந்து பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். பார்வை அவளைத் தாண்டிப் போயிருந்தது. பேனாவாலேயே மெதுவாகக் காட்டினார். கோபம், வருத்தம், கோடு எல்லாம் அந்த முகத்திலிருந்து துடைத்த மாதிரி போய்விட்டது. "திரும்பாதீங்க," என்று உதட்டை அசைத்தார், பிறகு, "திரும்புங்க, மெதுவா."

மெதுவாகத் திரும்பினாள். தகைவிலான்கள் உலுக்கிவிட்டுப் போன கோரையின் விளிம்பில், ஒடிந்து சாய்ந்த ஒரு தாளின் மேல், வெளியிலேயே, வெளிச்சத்திலேயே, அது உட்கார்ந்திருந்தது. பதினேழு வருஷத்தில் இதன் வாலைப் பார்த்திருக்கிறாள், தாவிப் போகிற நிழலைப் பார்த்திருக்கிறாள், முழுசாகப் பார்த்ததில்லை. காய்ந்த கோரையின் நிறம் என்று யார் சொன்னது? வெயில் பட்ட முதுகில் மெல்லிய தேன் நிறம் ஓடியது, கண்ணுக்கு மேலே யாரோ திருநீறு எடுத்த விரலைத் துடைத்துவிட்ட மாதிரி ஒரு வெளிர்க் கோடு, அந்தக் கண், கடுகை விடக் கொஞ்சம் பெரியது, அதற்குள் விடிகிற குளம் முழுதும் இருந்தது. பைனாகுலரைக் கண்ணில் வைத்தது எப்போது என்று அவளுக்கே தெரியாது. அலகு திறந்திருந்தது. திறந்த அலகுக்குள் மஞ்சள், மஞ்சளுக்குள் துடிக்கிற ஒரு நாக்கு, கீழே தொண்டையின் பஞ்சு முடிகள் புடைத்துப் புடைத்து அடங்கின, புடைக்கும்போது உடம்பு முழுதும் அதிர்ந்தது, உடம்பு அதிர்வதில் கால் அதிர்ந்தது, கால் பிடித்திருந்த தாளும் அதிர்ந்தது, பன்னிரண்டு கிராமில் ஒரு கிராம் கூடச் சும்மா இல்லை. பக்கத்தில் பாய் அடங்கிய தடித்த குரலில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார், "தையல்சிட்டு மாதிரி எடுக்குது... இப்ப தேன்சிட்டு... இப்ப அதோட சொந்தப் பாட்டு, இறக்கி இறக்கி... திரும்பவும் அதே அடி, திருத்தித் திருத்திப் பாடுது..." அவள் கேட்டாள், கேட்கவுமில்லை, அந்தத் தொண்டையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இன்னும் சில ராத்திரியில் இந்தத் தொண்டை மலைக்கு மேலே, நட்சத்திரங்களுக்குக் கீழே, இருட்டில் தனியாகப் போய்க்கொண்டிருக்கும். இப்போது இங்கே இருக்கிறது. அவளுக்கு எதிரில் இருக்கிறது. கண்ணீர் வந்து கண்ணாடி மங்கியது, துடைக்கக் கையை எடுத்தால் அது போய்விடுமோ என்று மங்கலோடேயே பார்த்தாள். பாய் முணுமுணுப்பதை நிறுத்தினார். அவர் பாட்டு நின்றதாக நினைத்திருக்க வேண்டும், அல்லது பாலத்து லாரியின் ஹாரனில் அது அவருக்கு மறைந்து போயிருக்க வேண்டும். பேனாவை நோட்டில் ஊன்றி, முகத்தை அவள் பக்கம் திருப்பி, "முடிஞ்சுதுங்கக்கா. ஒண்ணுன்னு எழுதட்டுங்களா?" என்றார்.

துளசிமணி பைனாகுலரை இறக்கவில்லை.

"இருங்க பாய்," என்றாள். "இன்னும் பாடிட்டுத்தான் இருக்குது."